நடுவில் ஒரு கோடு

அரிமளம் கடைவீதியில் இருந்த அந்த மருந்துக்கடையில் பிரகதீஸ்வரி ஒன்பது வருடமாக வேலை பார்த்தாள். பார்மசி டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, மகள் கலைமதிக்கு ஒரு வயதானதும் சேர்ந்த வேலை. முதலாளி திருமுருகன் காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதோடு சரி. பிறகு பெரும்பாலும் வெளி வேலைதான். மருந்து எடுப்பது, பில் போடுவது, புது ஸ்டாக் வந்தால் பிரித்து அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. சீட்டை நீட்டினால் படித்து முடிப்பதற்குள் அவள் கை ரேக்குக்குப் போய்விடும். எந்த மாத்திரை எந்த டப்பாவில் இருக்கும், அதன் அட்டை என்ன நிறம், ஓரத்தில் என்ன பட்டை என்பதெல்லாம் சமையலறை அஞ்சறைப் பெட்டி போல அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"ஈசுவரிக்குக் கண்ண மூடிக்கிட்டே எடுக்கத் தெரியும்" என்று திருமுருகன் வருகிறவர்களிடம் சொல்வார். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை. அரசு ஆஸ்பத்திரியில் டோக்கன் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து கண்ணாடி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் செவந்தி. புளியங்குடிப்பட்டிக்காரி, அறுபது வயதிருக்கும். கடலைக் கமிஷன் மண்டியில் பருப்புப் பொறுக்குகிற வேலை. புருசன் தங்கமுத்துவுக்கு மூன்று வருடமாக பிரஷர் மாத்திரை; மாதாமாதம் இவள்தான் வந்து வாங்கிப்போவாள். அந்த மாதத்துக்கானதை மூன்று நாளைக்கு முன்பு, திங்கட்கிழமைதான் வாங்கிப்போயிருந்தாள்.

"தாயி, இந்தத் தடவ குடுத்த மாத்திர வேற மாதிரி இருக்கே?"

பிரகதீஸ்வரி வேறொருவருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன பெரியம்மா வேற மாதிரி?"

"பழசு வட்டமா இருக்கும். இது சித்தே நீட்டமா இருக்கு. நடுவுல ஒரு கோடு ஓடுது. பழசுல கோடு கெடையாது."

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பிரகதீஸ்வரி வாங்கி விரலால் ஒரு திருப்புத் திருப்பினாள். வெள்ளி நிற அட்டை, ஓரத்தில் பச்சைப் பட்டை. இரண்டு பக்கமும் தகடு என்பதால் உள்ளே இருக்கும் மாத்திரை வெளியே தெரியாது. மூன்று குழி காலியாகியிருந்தது.

"அட்டை அதேதான பெரியம்மா. கம்பெனிக்காரங்க அப்பப்ப மாத்திரைய மாத்துவாங்க. மருந்து ஒண்ணுதான். பயப்படாமக் குடுங்க."

"நெசமாத்தான?"

"நான் பாத்துத்தான குடுக்குறேன்?"

"அதுக்கில்ல தாயி. ஒரு வார்த்த கேட்டுக்கிருவம்னு வந்தேன்" என்று செவந்தி அட்டையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மாதத்துக்குப் பத்துப் பேராவது இப்படி வந்து கேட்பார்கள். சிவப்பு மாத்திரை ரோஸாக வந்திருக்கிறது, பெரிய மாத்திரை சின்னதாகிவிட்டது, கசப்பு குறைந்திருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம். ஒன்பது வருடமாக அவள் அதே பதிலைத்தான் சொல்லிவந்தாள். இத்தனை நாளும் அந்தப் பதில் சரியாகவே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் ஆத்மநாதன் வாத்தியார் வந்தார். அவருக்கு சர்க்கரை. வழக்கமான மாத்திரையில் மூன்று அட்டை கேட்டார். பிரகதீஸ்வரி அதற்கான டப்பாவை இழுத்தால் நீலப் பட்டை போட்ட பழைய அட்டை ஒன்றுதான் கிடந்தது. போன வாரம் புது ஸ்டாக் வந்து தானே அடுக்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தாள், இருபது அட்டை வந்திருப்பதாகக் காட்டியது. மேல்தட்டு, கீழ்த்தட்டு, மேஜைக்கு அடியில் என்று தேடினாள். கடைசியில் ஏதோ தோன்றி பிரஷர் மாத்திரை டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள்.

எல்லாம் வெள்ளி அட்டைகள். எல்லாவற்றிலும் பச்சைப் பட்டை. ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தாள். ஏழாவது அட்டையில் எழுத்து மாறியது. பிரஷர் மாத்திரை இல்லை. சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. அதற்கடுத்ததும் அதேதான். இரண்டும் ஒரே கம்பெனி. சர்க்கரை மாத்திரையின் நீலப் பட்டையை எடுத்துவிட்டு இந்த முறை பச்சை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பச்சையைப் பார்த்ததும் அவள் கை தானாகப் பிரஷர் டப்பாவில் போட்டிருக்கிறது. பெயர் கறுப்பு எழுத்தில், படிக்கிற அளவில்தான் இருந்தது. அவள்தான் படிக்கவில்லை.

"என்னம்மா, இல்லையா?" என்றார் வாத்தியார்.

"இருக்குங்க சார்." அட்டையை எடுத்து அவரிடம் கொடுக்கும்போது பெயரை மூன்று தடவை படித்தாள்.

அவர் போனதும் பில்லைத் தேடினாள். அந்த ஸ்டாக் வந்த பிறகு பிரஷர் மாத்திரை வாங்கியவர்கள் நான்கு பேர். மூன்று பேருக்கு போன் நம்பர் இருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வீட்டில் படிக்கத் தெரிந்த யாரையாவது விட்டு அட்டையில் உள்ளதை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னாள். மூன்றும் சரியாக இருந்தது. நான்காவது பெயர் தங்கமுத்து. நம்பர் இல்லை. இவர்களுக்கு எதற்கு நம்பர், மாதாமாதம் வருகிறவர்கள்தானே என்று விட்டிருந்தாள்.

நடுவுல ஒரு கோடு ஓடுது என்று அந்தம்மாள் சொன்னது அப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது. சர்க்கரை மாத்திரையில் ஒன்றைப் பிதுக்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் நீளம். நடுவில் பிளவு போல ஒரு கோடு.

திருமுருகனுக்கு போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தன நாளாச்சு?"

"எட்டு நாளு சார். சர்க்கரையே இல்லாத மனுசன். வயசாளி வேற."

"ஏதாச்சும் ஆகியிருந்தா இந்நேரம் வந்திருப்பாக. சரி, நீ போயி நல்ல மாத்திரைய குடுத்துட்டு அத வாங்கிட்டு வந்துரு. தப்பா குடுத்துட்டோம்னு சொல்லாத. பேட்ச்ல ஏதோ பிரச்சன, கம்பெனில திருப்பிக் கேக்குறாகன்னு சொல்லு. விளங்குதா?"

"ம்" என்றாள்.

கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். புளியங்குடிப்பட்டி ஏழு கிலோமீட்டர். தைல மரக் காட்டுக்கு நடுவே போகிற தார்ச்சாலையில் வெயில் கொளுத்தியது. பேட்ச்ல பிரச்சன, கம்பெனில கேக்குறாக என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நல்ல வேளை என்றுகூட நினைத்தாள். அந்தம்மாள் திரும்ப வரவில்லையே, அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை.

ஓட்டு வீட்டு வாசலில் செவந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் ஆச்சரியத்தோடு எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

"வா தாயி! இம்புட்டு வெயில்ல எங்கிட்டு வந்த?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. அந்த மாத்திர... பேட்ச்ல ஏதோ பிரச்சனையாம். கம்பெனில திருப்பிக் கேக்குறாங்க. மாத்திக் குடுத்துட்டுப் போகலாம்னு."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? நல்ல புள்ள போ." செவந்தி முகம் மலர்ந்து போய் உள்ளே திரும்பினாள். "நாங்களே ரெண்டு மூணு நாளா வீடு தங்கல தாயி. சனிக்கெழம வயல்ல மயங்கி விழுந்துட்டாரு. புதுக்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடுனோம். சர்க்கர ரொம்பக் கொறஞ்சிருச்சுன்னு பாட்டில் ஏத்துனாக. நேரத்துக்குச் சாப்புடாம வெயில்ல வேல பாத்ததுதான் காரணம்னாக. நேத்துத்தான் அனுப்புனாக."

பிரகதீஸ்வரி வாசற்படியில் ஏறினாள். "என்ன மாத்திர சாப்புடுறாருன்னு கேக்கலையா?"

"கேட்டாக. பிரஷர் மாத்திரன்னு சொன்னேன். அங்கன இருந்த ரெண்டு நாளும் அவுகளே குடுத்தாக. நல்லா எந்திரிச்சு உக்காந்துட்டாரு. இன்னைக்குக் காலையிலதான் நம்ம மாத்திரைய மறுபடி குடுத்தேன். அரை இட்லிதான் தின்னாரு. அசதியா இருக்குன்னு படுத்தவரு, இன்னும் எந்திரிக்கல."

"எங்க படுத்திருக்காரு?"

அவள் கேட்ட விதத்தில் செவந்தியின் முகம் மாறியது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் தங்கமுத்து மல்லாந்து கிடந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தும் நெஞ்சு, கழுத்து எல்லாம் வேர்வை முத்து முத்தாக நின்றது, தலையணை நனைந்திருந்தது. பங்குனி வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்று செவந்தி விட்டிருக்கிறாள். பிரகதீஸ்வரி தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐயா! ஐயா!" என்று கூப்பிட்டாள். குறட்டை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"சீனி கொண்டாங்க பெரியம்மா. சீக்கிரம்!"

வாயில் ஊற்றினால் புரையேறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சீனியைத் துளித் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவிக்கொண்டே மறு கையால் 108-க்கு அடித்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள்: "பேஷண்ட்டுக்கு சுகர் இருக்குங்களா? என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

செவந்தி சீனி டப்பாவோடு பக்கத்திலேயே நின்றாள். திருமுருகன் சொன்னது ஒரு கணம் பிரகதீஸ்வரியின் தொண்டைவரை வந்தது. சொல்லாவிட்டால் மறுபடியும் ஒரு பாட்டிலை ஏற்றி, எழுந்து உட்கார்ந்ததும் அனுப்பிவிடுவார்கள். அந்த மருந்து உடம்பில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். வீட்டுக்கு வந்து மறுபடி அமிழ்ந்துபோவார்.

"சுகர் இல்ல. ஆனா சுகர் மாத்திரை சாப்பிட்டிருக்காரு. மருந்துக்கடையில தப்பாக் குடுத்துட்டோம். நான்தான் குடுத்தேன்."

செவந்தி கையில் இருந்த சீனி டப்பாவின் மூடியை மெல்லத் திருகி மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள்.

ஆம்புலன்ஸில் மூன்று பேரும் போனார்கள். அரிமளம் தாண்டும்போது பிரகதீஸ்வரியின் போன் அடித்தது. திருமுருகன். எடுத்துச் சொன்னாள். "யாரு ஒன்ன சொல்லச் சொன்னா?" என்று அவர் கத்தியது பக்கத்தில் இருந்த செவந்திக்கும் கேட்டிருக்கும். புதுக்கோட்டை வரும்வரை செவந்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். அட்டையை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதை சனிக்கிழமையே யாராவது கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் செவந்தியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பிரகதீஸ்வரியின் கணவன் அருள்மணி வந்தான். மின்வாரியத்தில் கணக்கர். விஷயம் தெரிந்து நேராக ஆபீசிலிருந்து வந்திருந்தான். வாசல் டீக்கடையில் அவளை உட்காரவைத்து, டீயை அவள் கையில் திணித்தான். அவள் குடிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி எப்ப மாத்துனீங்க?"

அவன் விளங்காமல் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். "இதுவா? போன வாரமே மாத்திட்டேனே. பழச உன் மேசமேலதான வச்சிருந்தேன்."

கறுப்பு பிரேம் போய் பழுப்பு வந்திருந்தது. ஒரு வாரமாக அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இன்னும் என்னென்ன மாறியிருக்கிறதோ, நான் எதை எதையெல்லாம் பார்க்காமல் இருக்கிறேனோ என்று நினைத்தாள். டீயைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள். அருள்மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

தங்கமுத்து மூன்றாம் நாள் கண் விழித்தார். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் பழைய ஆளாக எழுந்திருக்கவில்லை. பேச்சு குழறியது. இடது கை சொன்னபடி கேட்கவில்லை. எப்போதோ செத்துப்போன தன் அக்காள் அழகம்மாளின் பெயரைச் சொல்லிச் செவந்தியைக் கூப்பிட்டார். போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாள்.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கடையை இழுத்து மூடி நோட்டீஸ் ஒட்டினார்கள். திருமுருகன் வீட்டுக்கே வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தம்மாதான் பழைய அட்டையோட வேற எதையோ கலந்து குடுத்துருச்சுன்னு எழுதுனா, யாரும் இல்லன்னு சொல்ல முடியாது ஈசுவரி. ஒன் படிப்பும் தப்பிக்கும், என் லைசென்சும் தப்பிக்கும்."

"முடியாது சார்."

"ஒம்பது வருசம் சோறு போட்ட கடைம்மா."

அவள் தலை குனிந்தே இருந்தாள். ஆனால் பதிலை மாற்றவில்லை. அவர் போகும்போது, இனி கடைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாக்குமூலத்தை எழுதுவது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸ்டாக் மாறியது, பெயரைப் படிக்காதது எல்லாம் எழுதிவிட்டாள். அந்த வியாழக்கிழமையில் வந்து பேனா நின்றது. அதிகாரிகள் கேட்ட கேள்விகளை வைத்துப் பார்த்தால், செவந்தி கடைக்கு வந்து கேட்டது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. செவந்தி ஏன் சொல்லவில்லை?

பத்தாம் நாள் பகல் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்கு வெளியே வராந்தாவில் செவந்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பிரகதீஸ்வரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நீங்க அன்னைக்குக் கடைக்கு வந்து கேட்டத ஆபீசருங்ககிட்ட சொல்லலையா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற?" செவந்தி திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "கடலப் பருப்புல ஒரு சொத்த இருந்தா என் கண்ணுக்குத் தப்பாது. மாத்திர மாறிப்போச்சுன்னு மொத நாளே தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் ஒன் பேச்ச நம்பி, அதுக்கப்பறம் மூணு நாளு என் கையாலதான குடுத்தேன். அவரு வேணாம்னு கூடச் சொன்னாரு. படிச்ச புள்ள சொல்லுது, முழுங்குங்கன்னு நான்தான் அதட்டுனேன். இத எந்த வாயால சொல்றது?"

செவந்தி காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"மகன் குவைத்துல இருந்து தெனமும் போன் போட்டு வையிறான். பக்கத்துல இருந்து ஒரு மாத்திரைய பாத்துக் குடுக்கத் துப்பில்லையான்னு. கேட்டுக்கிட்டு இருக்கேன். அவன் கேக்குறதும் சரிதான."

பிரகதீஸ்வரி பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். அங்கேயே சுவரில் வைத்து, பேனா நின்றுபோன இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அரைப் பக்கம்தான். எழுதி முடித்துச் செவந்திக்குப் படித்துக் காட்டினாள்.

"மாத்திரை மாறியிருப்பதை நோயாளியின் மனைவி செவந்தி கவனித்தார். வியாழக்கிழமை கடைக்கு நேரில் வந்து, வடிவம் வேறாக இருப்பதைத் தெளிவாகச் சொல்லி, அட்டையை என் கையில் கொடுத்தார். நான் அதில் இருந்த பெயரைப் படிக்கவில்லை. மருந்து ஒன்றுதான் என்று உறுதி சொல்லி, தொடர்ந்து கொடுக்கச் சொன்னேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது."

செவந்தி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள்.

"இத ஆபீசருக எல்லாரும் படிப்பாகளா?"

"படிப்பாங்க பெரியம்மா."

செவந்தி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, எண் ஒன்றை அழுத்தி, அது போய் மணியடித்ததும் அவளிடம் நீட்டினாள். "எம் மகன் சோலையப்பன். அவனுக்கும் படிச்சுக் காட்டு."

பிரகதீஸ்வரி வாங்கினாள். அந்தப் பக்கம் "ஆத்தா?" என்று குரல் வந்தது. தான் யார் என்று சொன்னாள். அவன் பல்லைக் கடிப்பது போல ஏதோ சொன்னான். அவள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். நடுவில் குரல் உடைந்தது. நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

படித்து முடித்த பிறகு போனில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எங்க ஆத்தா வந்து கேட்டுச்சா?" என்றான் கடைசியில்.

"கேட்டாங்க."

"நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்றான். அவள் அதற்கும் "ம்" என்றாள். வேறென்ன சொல்வது? கொஞ்சம் பொறுத்து அவன் குரல் இறங்கியது. "ஆத்தாகிட்ட குடுங்க."

செவந்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். மகன் என்ன சொன்னானோ, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எழுந்து போய்விடலாமா, இருக்கலாமா என்று பிரகதீஸ்வரிக்குத் தெரியவில்லை. அப்போது வார்டுக்குள்ளிருந்து தங்கமுத்துவின் குரல் கேட்டது. "அழகம்மா... ஏ, அழகம்மா... தண்ணி."

செவந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, நீ போய்ப் பார் என்பது போலக் கையைக் காட்டினாள்.

பிரகதீஸ்வரி உள்ளே போனாள். டம்ளரில் தண்ணீரை ஊற்றி, அவர் முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தி, உதட்டில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி இடது பக்கமாக வழிந்தது. தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, மறுபடி டம்ளரை வைத்தாள்.